உத்தம மனஸ்தாபம்

வறுத்த கடலைக்காயின் வாசனை மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குச் சந்தையோ ரயிலடியோ ஞாபகம் வரலாம். எனக்கு மட்டும் உலகத்தை உண்டாக்கினவர் யார், எதற்காக உண்டாக்கினார் என்கிற கேள்வி ஞாபகம் வருகிறது. இதை என் பக்தியின் மிகுதி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, கரும்பனைகள் ஓயாமல் சலசலக்கிற எங்கள் ஊரில், மண்சுவரும் பனையோலைக் கூரையுமாக நின்ற கோயிலின் பின்சுவரை ஒட்டித்தான் உபதேசியாரின் சம்சாரம் அடுப்பு மூட்டியிருந்தாள். உள்ளே புருஷன் எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பார். வெளியே பெண்சாதி சந்தைக்குக் கடலைக்காய் வறுப்பாள். பரலோக பாக்கியத்தைப் பற்றி நாங்கள் தொண்டை கிழிய ஒப்பித்துக்கொண்டிருக்கையில் எங்கள் நாக்கில் ஊறியது வேறொரு பாக்கியம். அதனால்தானோ என்னவோ, வேதசத்தியங்கள் எல்லாம் எனக்குள் சற்றே கருகிய வாசனையோடுதான் தங்கியிருக்கின்றன.

ஞானோபதேசம் என்பது கேள்வியும் பதிலுமாக அச்சடித்த ஒரு சின்னப் புத்தகம். எங்கள் ஊருக்கு அதில் ஒரே ஒரு பிரதிதான். அதுவும் உபதேசியாரின் இடுப்பு மடிப்பில் இருந்து இருந்து, ஓரங்கள் வட்டமாகத் தேய்ந்து, ஒரு பெரிய வெற்றிலையைப் போல ஆகிவிட்டிருந்தது. ஆகையால் எங்களில் யாரும் அதைப் படித்ததில்லை. கேட்டுத்தான் பாடம் செய்தோம். ஊர்ப்பேச்சில் இதற்கு "மந்திரம் படிக்கறது" என்று பெயர். வயலில் நாற்று நடுகிற பெண்களில் ஒரு வரிசை கேள்வி கேட்க, எதிர்வரிசை பதில் சொல்லும். "பத்துக் கற்பனையும் சொல்லி முடிச்சா இறக்கிப்போடு" என்று என் அம்மா, வேதத்தின் பத்துக் கட்டளைகளையே கடிகாரமாக வைத்து, எனக்குப் பருப்புப் பக்குவம் சொல்லிக்கொடுத்தாள். அவசரமாகச் சொன்ன நாளில் பருப்பு வேகவில்லை. வெள்ளைக்காரச் சாமியார் ஆண்டுக்கு ஒரு முறை குதிரையில் வருவார், பிரசங்கம் செய்வார், அவர் போன பிறகு எங்களுக்கு அவருடைய தாடிதான் ஞாபகம் இருக்கும். அவருடைய தமிழ் எங்களுடையதைவிடச் சுத்தமானது. அதனாலேயே அது எங்களுக்குப் புரியவில்லை. ஆக, மிச்ச நாட்களில் எங்களைக் கிறிஸ்தவர்களாக வைத்திருந்தது அந்தக் கேள்வி-பதில்தான் என்று எந்தச் சபையிலும் நான் தைரியமாகச் சொல்வேன்.

அந்தக் கலையில் நான் ஊருக்கே முதல். மூச்சு விடாமல் முதல் கேள்வியிலிருந்து கடைசிப் பதில்வரை ஒப்பிப்பேன். உறவுக்காரர்கள் வந்தால், கூண்டு மைனாவைக் காட்டுவதுபோல என்னைக் கூப்பிட்டு நிறுத்திக் காட்டுவார்கள். அந்த வயதில் எனக்குத் தெரியாத பதில் ஒன்றும் இல்லை. தெரிந்த விஷயமும் ஒன்றும் இல்லை. "உத்தரிக்கிற ஸ்தலம்" என்று வரும். பாவம் தீரும்வரை ஆத்துமாக்கள் வேதனைப்படுகிற இடம். நான் அதைக் கோயிலின் உத்திரம் என்று வைத்துக்கொண்டு, அங்கே தலைகீழாகத் தொங்கிய வௌவால்களை மிகுந்த இரக்கத்தோடு பார்த்து வந்தேன். அர்த்தம் கேட்டால் உபதேசியார் புளியவிளாரைத் தரையில் தட்டி, "அர்த்தமெல்லாம் சாமியாருக்கு, அம்மிணி. நமக்குச் சத்தம் சுத்தமா இருந்தாப் போதும்" என்பார். என் சத்தம் மிகவும் சுத்தமாக இருந்தது.

அப்படிச் சுத்தமாகச் சொல்லிய சத்தங்களில் ஒன்று "உத்தம மனஸ்தாபம்". தான் செய்த பாவத்தை நினைத்து, தண்டனைக்குப் பயந்து அல்ல, நல்லவராகிய சர்வேசுரனை நோகச்செய்தோமே என்று மனம் எரிவது என்பது புத்தகத்தில் அதன் பொருள். எங்கள் ஊரிலோ, உங்கள் ஊரிலும்தான், மனஸ்தாபம் என்றால் இரண்டு வீட்டுக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பது. உத்தமம் என்றால் முதல்தரம். எனவே சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுகிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவனுக்கு ஒரு முதல்தரமான சண்டை கைவசம் இருக்க வேண்டும் என்று நான் தெளிவாக விளங்கிக்கொண்டிருந்தேன். இதில் எனக்கு வியப்பு ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் அது இருந்தது.

என் சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி சூசை, மேய்த்து வந்த செவலை எருது ஒரு புரட்டாசி மாதம் பக்கத்துக் காட்டுக்காரரான ராயப்பனின் கடலைக்காட்டுக்குள் புகுந்து, பிஞ்சு பிடித்திருந்த செடிகளை ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை மேய்ந்துவிட்டது. ராயப்பன் அதைப் பிடித்துக்கொண்டுபோய், பயிர் மேய்ந்த மாடுகளை அடைத்து அபராதம் வாங்குகிற சர்க்கார் பவுண்டில் அடைத்தார். வேலிப்படல் திறந்து கிடந்ததால்தான் எருது உள்ளே போயிற்று என்பது என் அப்பாவின் கட்சி. "எங்க படல் சாத்தித்தான் இருந்துதுங்க, அந்தோணியார் மேல சத்தியம், எருதுதான் முட்டித் தெறந்துது" என்பது ராயப்பனின் கட்சி. படலைத் திறந்தது யார் என்கிற கேள்விக்கு ஞானோபதேசத்தில் பதில் இல்லை. அன்றுமுதல் கோயிலில் அவர்கள் வடபுறம், நாங்கள் தென்புறம். செபமாலை சொல்லும்போது முந்தி முடிக்க வேண்டும் என்பதற்காக எங்கள் பக்கத்துப் பெண்கள் மாதாவுக்கான பிரியதத்த மந்திரத்தை ஓட்டமாய் ஓட்டுவார்கள். அவர்கள் எங்களைத் துரத்துவார்கள். மாதா அந்தக் காலத்தில் எதையாவது முழுதாகக் கேட்டிருப்பாளா என்பது சந்தேகம்.

இந்த நிலையில் சித்தப்பா, கட்டினால் ராயப்பன் மகள் ஆரோக்கியத்தைத்தான் கட்டுவேன் என்று ஒரு நாள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னார். ஆரோக்கியமும் பொள்ளாச்சிப் பக்கத்து மாப்பிள்ளை ஒருவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் செய்தி வந்தது. இரண்டு வீட்டிலும் கத்திப் பார்த்தார்கள். பட்டினி போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் உபதேசியாரை நடுவில் வைத்துப் பேசி முடித்தார்கள். தாலி ஏறும்வரை "எருது" என்கிற சொல்லை இரு தரப்பாரும் வாயால் சொல்லக் கூடாது என்பது சமாதானத்தின் ஷரத்து. இன்னாருக்கு இன்னார் என்று கோயிலில் கலியாண ஓலையும் வாசித்தாயிற்று. மாசி மாதம், விபூதிப் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை கலியாணம். புதன் பிறந்துவிட்டால் தபசு காலம். பாஸ்கு என்கிற உயிர்த்த திருநாள் வரைக்கும் கலியாணம் கிடையாது. பாஸ்குக்குச் சாமியார் எங்கள் பக்கம் வரமாட்டார். அடுத்த மாசிவரை அந்தச் சமாதானம் தாங்கும் என்று அதைச் செய்துவைத்த உபதேசியாரே நம்பவில்லை.

மிச்சமிருந்தது ஒரே ஒரு வாசல். மாப்பிள்ளையும் பெண்ணும் சாமியார் முன்னால் நின்று ஞானோபதேசத்தில் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். தப்பினால் தாலி இல்லை. பெண்ணைப் பற்றிக் கவலை இல்லை. முன்னுக்குப் பின் மாறினாலும் எதையாவது சொல்லிவிடுவாள். சித்தப்பாவுக்கோ பேர் சொல்லி அழைத்தாலே பதில் வர நேரமாகும். அவருக்கு ஆசிரியையாக நான் நியமிக்கப்பட்டேன். கிணற்றில் எருது பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டே படிப்பது என்று ஏற்பாடு. எருதுகள் சரிவில் இறங்கி, சால் நிறையத் தண்ணீரை மேலே இழுக்கும்போது நான் கேள்வி கேட்பேன். அவை பின்வாங்கி ஏறும்போது அவரும் பின்வாங்கி ஏறியபடியே பதில் சொல்வார். இந்த வழியில் அவர் ஆச்சரியப்படும்படி முன்னேறினார். அந்தக் காட்டுக்கு அவ்வளவு தண்ணீர் அதற்கு முன்னும் பாய்ந்ததில்லை, பின்னும் பாய்ந்ததில்லை.

ஒரு நாள் பாதிச் சரிவில் நின்று, "அம்மிணி, இந்த மனஸ்தாபங்கறது நம்ம ரெண்டூட்டுச் சங்கதிதான?" என்று கேட்டார்.

"ஆமாங்க சித்தப்பா. வேறென்ன இருக்குது?" என்றேன், மைனாவின் முழு அதிகாரத்தோடு.

அப்பாவுக்கும் அந்தச் சொல்லின் மேல்தான் பயம். பக்கத்து ஊரில் சண்டைக்காரக் குடும்பங்களுக்குச் சாமியார் கலியாண பூசை வைக்க மறுத்துவிட்டார் என்று கேள்வி. "சாமியாரு காதுல மனஸ்தாபங்கற பேச்சே உழுகக் கூடாது. கேட்டாரோ, இல்லீன்னு ஒரே போடாப் போட்டுரோணும், தெரிஞ்சுதா" என்று சித்தப்பாவுக்கு எச்சரித்து வைத்தார். ராயப்பனும் தன் வீட்டில் இதையே சொல்லியிருந்தார் என்பது பிற்பாடு தெரிந்தது.

திங்கட்கிழமை காலையில் சாமியார் வந்து சேர்ந்தார். கணவாயிலிருந்து வறண்ட காற்று அடித்துக்கொண்டிருந்தது. அவருடைய தாடியில் செம்மண் படிந்திருந்தது. கோயிலுக்குள் பாய் விரித்து, ஆண்களும் பெண்களுமாக இரண்டு வீட்டாரும் கூடியிருந்தார்கள். வெளியே பந்தல் போட்டாகிவிட்டது. அரிசி ஊறிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல வேண்டிய உபதேசியார் மட்டும் இல்லை. சாமியாரின் பகல் சாப்பாட்டுக்கென்று கட்டிவைத்திருந்த சேவல் அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டதால், அதன் பின்னால் போயிருந்தார்.

சாமியார் முதல் கேள்வியைக் கேட்டார். சித்தப்பா கேள்வியின் நீளத்துக்கு நாலடி முன்னால் நடந்து போனார்; பிறகு பதில் சொல்லிக்கொண்டே பின்னால் நடந்து வந்தார். சாமியார் திடுக்கிட்டுப் பார்த்தார். பதில் சரியாக இருந்ததால் அடுத்ததைக் கேட்டார். மறுபடியும் நாலடி முன்னே, நாலடி பின்னே. எங்களுக்கு இது சகஜம். சாமியாருக்கு இது எந்தத் தேசத்து வழக்கம் என்று தெரியவில்லை. இருந்தாலும் பதில்கள் பழுதில்லாமல் வந்துகொண்டிருந்ததால், அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. என் முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

"பாவசங்கீர்த்தனம் நன்றாகச் செய்வதற்கு முக்கியமாய் வேண்டியது என்ன?"

"உத்தம மனஸ்தாபமுங்க சாமி."

அத்தோடு சாமியார் நிறுத்தியிருக்கலாம். சந்தோஷ மிகுதியால் புத்தகத்தை விட்டு வெளியே வந்துவிட்டார். "நல்லது, சூசை. உன்னிடத்தில் அது இருக்கிறதா?"

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையை ஒரு எள்ளளவு அசைத்தார். "இல்லீங்க சாமி" என்றார் சித்தப்பா.

"கொஞ்சமும் இல்லையா?"

"துளிகூட இல்லீங்க. எல்லாம் பேசி முடிச்சாச்சுங்க."

"யார் பேசி முடித்தது?"

"நம்ம உபதேசியாருதானுங்க. அவருதான் முன்ன நின்னு இல்லாமப் பண்ணி வெச்சாருங்க."

சாமியாரின் முகம் தாடிக்கு மேலே சிவந்தது. "மரண அவஸ்தையிலாவது உனக்கு மனஸ்தாபம் வர வேண்டாமா?"

"வராதுங்க சாமி. சாகற மட்டும் வராமப் பாத்துக்கறனுங்க. அதுக்கு நான் பொறுப்புங்க."

மாப்பிள்ளை தனியாகத் தவிக்கிறாரே என்று ராயப்பன் எழுந்து துணைக்கு வந்தார். "எங்க பக்கத்துலயும் இல்லீங்க சாமி. பொண்டு புள்ளைக ஒருத்தருக்கும் இல்லீங்க. வேணும்னாக் கேட்டுப் பாருங்க." வடபுறத்திலிருந்து, "இல்லீங்க, இல்லீங்க" என்று பெண்கள் குரல் கொடுத்தார்கள். தென்புறம் பின்தங்குமா? அங்கேயும், "இல்லீங்க" எழுந்தது. வெகு நாளைக்குப் பிறகு இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் ஒரே மந்திரத்தைச் சொன்னது அப்போதுதான்.

சாமியார் புத்தகத்தை மூடினார். "ஒருவருக்கும் மனஸ்தாபம் இல்லாத ஊரில் எனக்கு வேலை இல்லை. நாளைக்குக் கலியாணமும் இல்லை" என்று சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தார்.

 பிறகு எங்கோ பின்னாலிருந்து ராயப்பன் சம்சாரம், யாரிடமும் இல்லாமல் பொதுவாக, "பதில் சொல்லிக் குடுக்கத் துப்பில்லாத ஊட்டுல பொண்ணக் குடுக்கப் போனமே" என்றாள். அத்தை ஒருத்தி, "எங்க பையன் சொன்னதுல என்ன தப்பக் கண்டீங்க?" என்றாள். "தப்பு இன்னைக்கா? எருத ஒழுங்கா மேய்க்கத் தெரியாதவங்கிட்ட" என்று ராயப்பன் ஆரம்பித்து, சொல்லிய வார்த்தையைத் திரும்ப விழுங்கப் பார்த்தார், முடியவில்லை. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "படலச் சாத்தத் தெரியாதவங்க பேசறாங்க பாருங்க." அவ்வளவுதான். வடபுறம் வடபுறமாகவும் தென்புறம் தென்புறமாகவும் பிரிந்தன. ஊறிய அரிசி, போட்ட பந்தல், பொள்ளாச்சியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த சனம் எல்லாம் நடுவில் நின்றன. சாமியார், "எந்த எருது?" என்று கேட்டது ஒருவர் காதிலும் விழவில்லை. சித்தப்பா பாயின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். முன்னே போவதா பின்னே போவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

அப்போது பெண்கள் வரிசையிலிருந்து ஆரோக்கியம் எழுந்து வந்தாள். முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, "சாமி, எனக்கு இருக்குதுங்க" என்றாள்.

"என்ன இருக்கிறது?"

"மனஸ்தாபமுங்க."

ராயப்பன், "ஏ புள்ள, கம்முனு உக்காரு" என்றார். அவள் உட்காரவில்லை.

"அன்னைக்குப் படலத் தெறந்து உட்டது நானுங்க. அவரு எருத ஓட்டீட்டு அந்தப் பக்கமா வந்தாருங்க. பேசீட்டு நின்னுட்டமுங்க. எருது உள்ளாற போனத ரெண்டு பேருமே பாக்கலீங்க. அப்பறம் ரெண்டூடும் சண்ட போட்டப்போ நான் வாயத் தெறக்கலீங்க. எங்கய்யன் படல் சாத்தித்தான் இருந்துதுன்னு அந்தோணியார் மேல சத்தியம் பண்ணுனாருங்க. அதுலருந்து உள்ளாற எரியுதுங்க, சாமி."

சாமியார் மெதுவாக உட்கார்ந்தார். "எதனால் எரிகிறது? தண்டனை கிடைக்கும் என்ற பயத்தினாலா?"

"பயமா இருந்திருந்தா இப்பச் சொல்லுவனுங்களா? எங்கய்யன் பக்கத்துலதான நிக்கறாரு" என்றாள். "அவரு பொய் சொல்லாதவருங்க. என்னால சொல்லிப்போட்டாரு. அதுதானுங்க."

சித்தப்பா அடியெடுத்து வைக்காமல், நின்ற இடத்திலேயே, புத்தகத்தில் இல்லாத பதில் ஒன்றைச் சொன்னார்: "எனக்கும் அது இருக்குதுங்க சாமி. கவுறு என்ற கையிலதான் இருந்துது. இதுக்கும் மனஸ்தாபமுன்னுதான் பேருன்னு தெரியாமப் போச்சுங்க."

இந்த நேரத்தில் உபதேசியார் சேவலைக் காலில் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு, மூச்சு வாங்க, வாசலில் வந்து நின்றார். நடந்ததைக் கேட்டதும் அவர் கை தளர்ந்தது. சேவல் மறுபடியும் ஓடிவிட்டது. ஊரில் அந்தச் சொல்லுக்கு வழங்கும் அர்த்தத்தை அவர் தடுமாறித் தடுமாறிச் சொல்லி முடித்தபோது சாமியாரின் தாடி குலுங்க ஆரம்பித்து, வெகு நேரம் குலுங்கிக்கொண்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உபதேசியாரே, இனிமேல் அர்த்தத்தையும் சொல்லிக்கொடும்" என்றார். பிறகு ஆரோக்கியத்தைக் காட்டி, "இவளைக் கேட்டுக்கொண்டு சொல்லிக்கொடும்" என்றார்.

ராயப்பன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் என் அப்பாவின் பக்கம் திரும்பி, "அப்ப எருது முட்டலீங்க" என்றார். அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். "எருது மேல எப்பவுமே குத்தமில்லீங்க" என்றார். மறுநாள் பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறிய வண்டியை, கொம்புக்கு மஞ்சள் பூசிக்கொண்டு, செவலைதான் இழுத்தது. சேவல் ஓடிவிட்டதால் சாமியாருக்குத் திங்கட்கிழமை பகல் வெறும் பருப்புச் சோறு.

அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்வது மூளைக்குக் கேடு என்று இப்போது படித்தவர்கள் எழுதுகிறார்கள். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாக இத்தனை காலம் தள்ளிய நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிவருகிறேன். சொல்லச் சொல்லிச் சர்க்கார் உத்தரவு. ஆனால் என் சொந்த அபிப்பிராயம் வேறு. எங்களுக்கு வார்த்தை முன்னால் வந்து வாசலில் காத்துக்கொண்டிருந்தது; அர்த்தம்தான் எருதைப் பிடித்துக்கொண்டு பின்னால் மெதுவாக வந்தது. வந்தபோது உட்காரவைக்க வீட்டில் ஒரு இடம் இருந்தது. காலியான வீட்டுக்கு அர்த்தம் வந்து என்ன செய்யும்?

இன்று கொல்லங்கோட்டுக்கு ரயில் வந்துவிட்டது. கோயிலுக்குச் சீமை ஓடும் பெஞ்சும் வந்துவிட்டன. வௌவால்கள் உத்தரிக்கிற ஸ்தலத்தைக் காலிசெய்துவிட்டன. சாமியார் ஊரிலேயே குடியிருக்கிறார்; ஆகையால் அவர் வருவார் என்று யாரும் காத்திருப்பதில்லை. உபதேசியார் உத்தியோகம் இல்லை. மாப்பிள்ளைகள் கன்னியாஸ்திரீகளின் பள்ளிக்கூடத்துச் சீட்டைக் காட்டிவிட்டுத் தாலி கட்டுகிறார்கள். ஊர் முழுக்க உட்கார்ந்து கேட்கிற பரீட்சை ஒழிந்தது. நாற்று நடுகிற பெண்கள் இப்போது பாடுவது ஒன்றும் எனக்குத் தெரியாது. ஞானோபதேசமும் இளைத்துவிட்டது. போன தபசு காலத்தில் புதிதாக அச்சான சின்னப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அவருக்குக் காது மந்தம். ஆரோக்கியம் சின்னம்மாவுக்குக் கண் மங்கல். இருவரும் அன்று காலையிலிருந்து பேசவில்லை. அவர் படலைத் திறந்துபோட்டுவிட்டு வந்ததில் யாருடைய ஆடோ புகுந்து முருங்கைக் கன்றைத் தின்றுவிட்டதாம்.

சின்னம்மாவுக்குப் புத்தகத்தை வாசித்துக் காட்டினேன். மனஸ்தாபம் என்று இருந்த இடத்தில் இப்போது "துக்கம்" என்று போட்டிருந்தது. எல்லோருக்கும் விளங்கும்படி சுலபமாக்கியிருக்கிறார்கள் என்று எடுத்துச் சொன்னேன்.

அவள் ஆடு தின்று மிச்சம் வைத்த முருங்கைக் குச்சியை விரலால் தடவிக்கொடுத்தாள். "துக்கம்னா அது எழவூட்டுச் சங்கதி, அம்மிணி. போனவங்க வந்து பேசுவாங்களா? மனஸ்தாபத்துக்கு, எதுத்தாப்ல ஆளு உசுரோட இருக்கோணும்." இதைச் சொல்லும்போது அவள் குரலைச் சற்று உயர்த்தினாள், அவ்வளவு உயர்த்த எனக்காக வேண்டியதில்லை.

வாசலில் உட்கார்ந்திருந்த சித்தப்பா எழுந்தார். நாலடி முன்னே போய்ப் படலைச் சாத்தினார். கயிற்றை இரண்டு சுற்றாகச் சுற்றி முடிந்தார். பிறகு, முகத்தை எங்கள் பக்கம் திருப்பாமலே, பின்னால் நடந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.